மசாஃபி இறக்கத்தில் ஷம்சியா

ஷம்சியாவைப் பற்றிப் புஜைராவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மலையில் வண்டியைக் கவிழ்த்தவள் என்பார் ஒருவர். புருஷனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்பார் இன்னொருவர். இவர்களில் ஒருவராவது அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தாரா? இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், மடியில் கொத்தமல்லிக் கட்டும் வாயில் கலிமாவுமாக உட்கார்ந்திருந்தவள் ஹபீபுன்னிசாவாகிய நான்தான். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள். மற்றதை எல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுங்கள்.

எங்கள் இருவருக்கும் ஊர் காயல்பட்டினம். அங்கே பெண்கள் நடப்பதற்கென்றே வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு உண்டு. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதானாலும் அந்தச் சந்து வழியாகத்தான் போவோம், தெருப்பக்கம் தலை காட்ட மாட்டோம். அப்படி வளர்ந்தவள் ஷம்சியா. கல்யாணமாகிப் புஜைராவுக்கு வந்த புதிதில் லிஃப்டில் தனியாக ஏறவே பயப்படுவாள். கீழே கடைக்குப் போகக்கூடத் துணைக்கு "லாத்தா" என்று என்னைக் கூப்பிடுவாள்; எங்கள் ஊரில் அக்கா லாத்தா, அண்ணன் காக்கா. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் பிறக்கும்போதே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிறந்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அவள் புருஷன் செய்கு முகம்மதுவின் பக்காலா. மளிகை, காய்கறி, பால், ரொட்டி எல்லாம் வைத்திருக்கும் சின்னக் கடை. ஏஜென்சி வேன்கள் பெரிய கடைகளுக்குத்தான் சரக்கு இறக்கும், எங்களை மாதிரிச் சந்துக் கடைக்கு வராது. அதனால் வாரத்தில் இரண்டு நாள் அவரே பிக்கப்பை எடுத்துக்கொண்டு மலையைத் தாண்டித் துபாய் மார்க்கெட்டுக்குப் போவார், ஏற்றிக்கொண்டு வருவார். பத்து வருஷமாக அந்த மலைச் சாலைதான் அந்தக் கடைக்குச் சோறு போட்டது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் கோடையில் அவருக்குச் சர்க்கரை முற்றி வலது காலில் புண் வந்தது. புண்ணை மறைத்தார். மறைத்து மறைத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கட்டிலில் படுத்தார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிக்கப் வாசலில் தூசி படிந்து நின்றது. வாடகை வண்டிக்காரர்கள் எல்லாரும் காதர் மைதீனுக்கு லோடு அடிப்பவர்கள். அவருக்கு இரண்டு சூப்பர்மார்க்கெட். எங்கள் ஊர்க்காரர்தான், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பவர்தான். "ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும், பார்ப்போம்" என்று ஒவ்வொரு டிரைவரும் ஒரே வார்த்தையைச் சொன்னால், சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா?

கடை லைசென்ஸ் இருப்பது எங்கள் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர் ஸ்பான்சர், அபு சைஃப் பேரில். அரபி, நல்ல மனிதர், பொய் சொல்லக் கூடாது. ஒரு நாள் வந்து காலி அலமாரிகளைப் பார்த்தார். காதர் மைதீன் கடையைக் கேட்கிறார் என்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள், பிற்பகல் தொழுகையான அஸர் நேரத்துக்கு மறுபடியும் வருவேன், அன்றைக்கும் கடை இப்படியே இருந்தால் அவர் பெயருக்கு மாற்றிவிடுவேன் என்றார். கடை போனால் விசா போகும். விசா போனால் ஒற்றைக் காலோடு ஊருக்குப் போய் மைத்துனன் வீட்டு மூலையில் கிடக்க வேண்டியதுதான். இது செய்கு முகம்மதுவுக்கும் தெரியும், ஷம்சியாவுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் அவள் டைப்பிங் சென்டருக்குப் போய் அரபியில் ஒரு காகிதம் அடித்து வாங்கிவந்தாள். புருஷன் விசாவில் இருக்கிற பெண் லைசென்ஸ் எடுக்க வேண்டுமானால், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று புருஷன் கையெழுத்துப் போட வேண்டும்.

"என்ன பேப்பர் இது?" என்றார் அவர்.

"எனக்கு லைசென்ஸ் எடுக்க. கீழே கையெழுத்துப் போடுங்க மச்சான்."

"பொம்பளை பிக்கப் ஓட்டுறதா? அதுவும் மலையிலயா? ஜமாத்துல என்ன சொல்வாஹ?"

"ஜமாத்து வந்து வெங்காய மூட்டை தூக்குமா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷம்சியா ஆணியில் கிடந்த கடைச் சாவியை எடுத்தாள், செருப்பை மாட்டினாள்.

"எங்க போறே?" என்றார்.

"காதர் மைதீன் காக்காகிட்ட. பெருநாள் வரைக்கும் எதுக்கு இழுத்துக்கிட்டு? இன்னைக்கே சாவியைக் குடுத்துட்டு வாறேன். நீங்க ஊருக்குப் போயும் சுவரைப் பார்க்கலாம். அங்க சுவருக்கா பஞ்சம்?"

கூட நின்ற எனக்கே தூக்கிவாரிப்போட்டது. காலை இழந்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவர் திரும்பினார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவருடைய முழு முகத்தையும் அன்றுதான் பார்த்தேன். கோபத்தில் சிவந்திருந்தது.

"பேனாவைக் கொண்டா," என்றார். போட்டுவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார். "தனியாப் போகக் கூடாது. ஹபீபும்மா கூடப் போகணும்."

என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றும் படகில் வேலை பார்ப்பவர், மாதத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பார். அதனால் எனக்குத் தடை சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

டிரைவிங் சொல்லிக் கொடுத்தவர் பெஷாவர்க்காரர் ஒருவர். "ஜல்தி நஹீ, ஆராம் ஸே" என்று, அவசரப்படாமல் மெதுவாக ஓட்டு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். கடற்கரை ரோட்டில் தட்டைத் தரையில்தான் பயிற்சி எல்லாம், மலைப்பக்கம் ஒரு தடவைகூடக் கூட்டிப் போகவில்லை. டெஸ்டில் ஷம்சியா முதல் தடவை ஃபெயில். மெதுவாக ஓட்டினாளாம். இரண்டாவது தடவை வேகமாக ஓட்டினாளாம், ஃபெயில். மூன்றாவது பார்க்கிங்கில் போயிற்று. நான்காவது தடவை போலீஸ்காரரிடமே வாதாடியிருக்கிறாள், அப்புறம் எப்படிப் பாஸ் போடுவார்? எங்கள் சந்தில் ஆண்கள் கூடி நின்று, அவள் வரும்போது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவளே நடுத்தெருவில் நின்று, "ஃபெயிலு! அடுத்தது புதன்கிழமை!" என்று கத்திச் சொல்லிவிட்டு உள்ளே போவாள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை, சலித்துப் போய்விட்டது. ஆறாவது தடவை பாஸ். பெருநாளுக்கு எட்டே நாள் இருந்தது. ஆனால் பிக்கப் ஆறு மாதமாக நின்றிருந்ததில் பேட்டரி, டயர் என்று ஒவ்வொன்றாக மாற்றி வண்டியைக் கிளப்பவே அந்த எட்டு நாளில் ஏழு போய்விட்டது. மிச்சம் இருந்தது கஃபீல் வருகிற அந்த ஒரே நாள்.

அன்று விடியற்காலை சுப்ஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். செய்கு முகம்மது காக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். எந்த வியாபாரியிடம் தக்காளி, எவரிடம் வாழைக்காய், எங்கே பெட்ரோல். கடைசியாக, "வரும்போது மசாஃபி தாண்டினதும் நியூட்ரல்ல போட்டுரு. வண்டி தானா இறங்கும், பெட்ரோல் மிச்சம். பத்து வருஷமா அப்படித்தான் இறங்குறேன்," என்றார். மசாஃபி மலை மேட்டில் இருக்கும் ஊர், அங்கிருந்து கடல்வரை இறக்கம்தான். இது அவர் ஒருவர் வழக்கமல்ல. இந்தக் கரையில் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான் இறங்குவார்கள். ஒரு சொட்டும் எரிக்காமல் கீழே பித்னா ஊர் வரைக்கும் வந்தேன் என்று ஒருவரிடம் ஒருவர் பெருமை வேறு.

அந்த மலைச் சாலை பழைய வழி. தார் போடுவதற்கு முன்னால் அங்கே சாலையே கிடையாது, ஓடைப் படுகைதான் வழி. கடற்கரையிலிருந்து கருவாடும் பேரீச்சம்பழமும் ஒட்டகத்தில் ஏற்றி அந்தப் படுகையில்தான் உள்நாட்டுக்குக் கொண்டுபோவார்களாம். வழியைக் காவல் காக்க பித்னாவில் ஒரு மண்கோட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில்தான் இப்போது கல் லாரிகள் போகின்றன, மலையை உடைத்துக் கடலில் கொட்டித் தீவு கட்டுவதற்கு. இரண்டு பக்கமும் பொட்டுப் பச்சை இல்லாத மொட்டைப் பாறை. வண்டி காலியாக இருந்ததால் ஏற்றம் சுலபமாகவே இருந்தது. ஷம்சியா முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு லாரியையும் முந்தாமல் ஓட்டினாள்.

மார்க்கெட்டில் வியாபாரிகள் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் பார்த்தார்கள். "ஆத்மி கஹான் ஹை?" என்றார் வெங்காயக்காரர், ஆம்பளை எங்கே என்று. "ஆத்மி மாஃபி. ஆம்பளை இல்லை, நான்தான் ஆள். விலையைச் சொல்லுங்க," என்றாள் ஷம்சியா, பாதி இந்தியிலும் பாதி அரபியிலும். அவர் சொன்ன விலையைக் கேட்டு நடந்தாள், பத்தடி போவதற்குள் அவரே கூப்பிட்டார். வெங்காயம், உருளை, தக்காளி, தேங்காய், வாழைக்காய், பெருநாள் பிரியாணிக்குப் புதினா மல்லி. கடை நிறைய வேண்டுமே என்று அள்ளி அள்ளி ஏற்றினாள். பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து சக்கரத்தைத் தொட்டுவிடும் போல இருந்தது. போதும் என்று நான் சொன்னேன். சொன்னால் கேட்கிறவளா அவள்?

மசாஃபி தாண்டியதும், புருஷன் சொன்னபடியே நியூட்ரலில் போட்டாள். முதலில் சுகமாகத்தான் இருந்தது. எஞ்சின் சத்தமே இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. "பார்த்தியா லாத்தா, தானாப் போகுது," என்று சிரித்தாள். பிறகு வேகம் கூடியது. பிரேக்கை மிதித்தாள், குறைந்தது. விட்டாள், முன்னைவிடக் கூடியது. மிதித்த காலை எடுக்கவே முடியவில்லை. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ஏதோ கருகும் வாடை வந்தது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தோமா என்று நான் யோசிக்கிறேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!

"லாத்தா," என்றாள் ஷம்சியா. குரல் மாறியிருந்தது. "பிரேக் உள்ள போகுது. பிடிக்க மாட்டேங்குது."

எனக்கு உயிர் போய்விட்டது. முன்னால் ஒரு கல் லாரி ஊர்ந்து போகிறது, எதிரே இன்னொன்று ஏறி வருகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொல்ல ஆரம்பித்தேன். அவள் கண்ணை மூடவில்லை. "நியூட்ரலாம் நியூட்ரல்! மண்ணாங்கட்டி!" என்று கத்தினாள். கிளட்ச்சை மிதித்து மூன்றாவது கியருக்குத் தள்ளினாள். எஞ்சின் அலறியது. வண்டி குலுங்கியதில் என் தலை கண்ணாடியில் இடித்தது. உடனே இரண்டாவதுக்குத் தள்ளினாள். அது போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் வேகம் குறைந்தது. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே, மலை ஓரம் மேடாக ஏறியிருந்த சரளைக்குள் வண்டியை விட்டாள். சரசரவென்று போய் நின்றது.

அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? நாலு சக்கரத்திலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. அப்போது காதர் மைதீன் கடை பெயர் எழுதிய வேன் எங்களைத் தாண்டிப் போயிற்று. டிரைவர் தலையைத் திருப்பி நன்றாகப் பார்த்தார். நிறுத்தவில்லை.

நிறுத்தியது, அந்த வேன் கண்மறைவதற்குள் பின்னாலேயே வந்த கல் லாரிதான். இறங்கி வந்தவர் பாண்டித்துரை, முதுகுளத்தூர்க்காரர். நான் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, யக்கா! தண்ணிய ஊத்திராதீக! சூட்டுல பிரேக் டிரம் வெடிச்சுப்போகும்," என்று கத்தினார். குனிந்து பார்த்தார், முகர்ந்தார். "நியூட்ரல்லயா எறங்குனீக?"

"ஆமா," என்றாள் ஷம்சியா.

"எந்தப் புண்ணியவான் சொல்லிக் குடுத்தது?"

அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"எந்தக் கியர்ல ஏறுவீகளோ அதே கியர்லதான் எறங்கணும். பிரேக்கு கூட மாட ஒத்தாசைக்குத்தேன். கட்டிப் பிடிச்சு நிறுத்துறது எஞ்சினு. இந்த ரோட்டுல பத்து லாரி உருண்டதைப் பார்த்திருக்கேன், எல்லாம் எங்களை மாதிரி பழகின ஆளுகதேன். நீங்க சமாளிச்சு நிறுத்திட்டீக," என்றார். பிறகு எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, பிரேக்கை மிதித்துப் பார்த்துத் திருப்தியான பிறகு, "என் பின்னாடியே ரெண்டாவதுல வாங்க," என்று சொல்லிக் கிளம்பினார். கடலோரம் வரைக்கும் ஊர்ந்தோம். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். "அடிங்கடா, அடிங்க," என்றாள் ஷம்சியா. கியரை மாற்றவில்லை.

அஸர் தாண்டிவிட்டது. சந்துக்குள் திரும்பினால் கடை வாசலில் கூட்டம். உள்ளே கஃபீல் அபு சைஃப் நாற்காலியில் இருக்கிறார், பக்கத்தில் காதர் மைதீன். கல்லா மேசையில், கடையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிய ஒரு காகிதம். மேசைக்கு இந்தப் பக்கம், இரண்டு பேர் தூக்கிவந்து உட்காரவைத்த செய்கு முகம்மது காக்கா. கையில் பேனா.

எங்களைப் பார்த்ததும் அவர் முகம் உடைந்துவிட்டது. "வந்துட்டியா? வண்டி எரிஞ்சுபோச்சுன்னு சொன்னாஹளே... கடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், நீ உசுரோட வந்தாப் போதும்னுதான்..." என்று சொல்லிக் குழந்தை மாதிரி விம்மினார். ஃபோனில் வேன்காரர் சொன்னதைக் காதர் மைதீன் எப்படி ஊதிச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம்தான் பாக்கி.

"என்ன ஷம்சியா," என்றார் காதர் மைதீன், எல்லாருக்கும் கேட்கும்படி. "மலையில வண்டி புகைஞ்சு, லாரிக்காரனோட நடுரோட்டுல நின்னியாமே? இதெல்லாம் நம்ம ஊர்ப் பொண்ணுக்கு அழகா?"

"நின்னேன் காக்கா. அந்த மனுசர் வண்டியை நிறுத்தி, என்ன ஏதுன்னு கேட்டார். உங்க வேனும்தான் அந்த வழியா வந்துச்சு. உங்களுக்கு ஃபோன் போட நேரம் இருந்துச்சு, பிரேக் போட மனசு வரலை."

கூட்டத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். காதர் மைதீன் அவளை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார். "செய்கு, பொம்பளைக்கு மலை ஓட்டத் தெரியாதுங்கிறது இப்பவாவது புரிஞ்சுதா?"

செய்கு முகம்மது காக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஷம்சியாவைப் பார்த்துக் கேட்டார். "நியூட்ரல்லயா இறங்குனே?"

"நீங்க சொன்னபடிதான்."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னார். "அப்படி இறங்கச் சொன்னது நான். அவ ஓட்டினதுல தப்பு இல்லை. என் பேச்சைக் கேட்டா பாருங்க, அதுதான் தப்பு."

இத்தனை ஆண்களுக்கு முன்னால் ஒரு ஆண் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அபு சைஃப் எதுவும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அடுப்படி அரபியில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், வேன்காரரையும் சேர்த்துத்தான். அவர் எழுந்து வாசலுக்குப் போய் பிக்கப்பைச் சுற்றிவந்தார். மூட்டைகளைத் தட்டினார். திரும்பிவந்து ஷம்சியாவிடம், மறுபடியும் இந்த மலையில் போவாயா என்று கேட்டார். போவேன் என்றுகூட அவள் சொல்லவில்லை. "சனிக்கிழமை," என்றாள்.

"கலாஸ்," என்றார் அபு சைஃப், பேச்சு முடிந்தது என்று. "கடை செய்குவுக்கே."

காதர் மைதீன் நகரவில்லை. மேசைமேல் கிடந்த காகிதமும் நகரவில்லை. ஷம்சியா வெளியே போனாள், ஒரு வெங்காய மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். "அந்தப் பேப்பரை எடுத்துக்குங்க காக்கா, இடம் வேணும்," என்றாள். அவர் எடுக்கவில்லை. அவள் மூட்டையை அதன்மேலேயே இறக்கி, வாயைப் பிரித்தாள். வாசலில் நின்ற பெண்கள் பெருநாள் சமையலுக்கு முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

செய்கு முகம்மது காக்கா பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். ஊன்றுகோலைக் கேட்டு வாங்கி, மேசையைப் பிடித்து எழுந்து, தத்தித் தத்திக் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றார். ஆறு மாதத்தில் அவர் நின்று நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"காதர் காக்கா," என்றார். "சாமான் வாங்க வந்திருந்தா, வரிசையில நில்லுங்க."